சென்னையிலிருந்து ஓர் ஐரிஷ் ரக்பி வீரரைக் கடைசி நாள் வரை பின்தொடர்வது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் சில பையன்களுக்கும் மூன்று பெண்களுக்கும் ரக்பி சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு மணிக்குள் ஆரம்பித்தால்தான் வெயில் ஏறுவதற்குள் முடிக்க முடியும். போன மாதம் பயிற்சி முடிந்து எல்லாரும் மணலைத் தட்டிக்கொண்டு இருந்தபோது பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, ரூல்ஸ் எல்லாம் புரியுது, ஆனா மேட்ச் பார்த்தா ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

அவனுக்கு வாயால் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். அயர்லாந்தில் ஆடும் ஒரே ஒரு வீரரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் இருபது வயதுக்குள் இருக்கும்போதே பிடித்துக்கொண்டு, அவர் ஓய்வு பெறும் நாள் வரை விடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருட வேலை இது. ஆனால் அந்த ஒரு ஆள் வழியாக ஆட்டம், காசு, காயம், குடும்பம், நாடு எல்லாம் தானாக உள்ளே வந்துவிடும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஏன் அயர்லாந்து என்றால், அங்கே பாதை கண்ணுக்குத் தெரியும். தீவு முழுக்கச் சேர்த்தாலே சுமார் 70 லட்சம் பேர்தான், நம்ம சென்னை மாநகராட்சி எல்லையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் அணிகள் மொத்தம் நான்கு: லெய்ன்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கானாக்ட். நான்குமே பழைய மாகாணங்களின் பெயர்கள், நான்குக்கும் மேலே ஐஆர்எஃப்யூ என்ற ஒரே சங்கம். இங்கிலாந்திலும் பிரான்சிலும் கிளப்புகளுக்குத் தனித்தனி முதலாளிகள் இருப்பதால் ஒரு வீரர் எங்கே போகிறார், ஏன் போகிறார் என்று கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றும். இங்கே அந்தச் சிக்கல் குறைவு. இன்னொன்றும் உண்டு. பெல்ஃபாஸ்ட் வேறு நாடு, டப்ளின் வேறு நாடு, இரண்டு அரசாங்கம், இரண்டு கொடி. ரக்பிக்கு மட்டும் 1879இலிருந்து ஒரே சங்கம், தீவு முழுவதற்கும் ஒரே அணி. அத்தனை சண்டையும் சாவும் நடந்த காலத்திலும் அந்த அணி பிரியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

நமக்கு இந்த ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் கல்கத்தாவைச் சொல்லுங்கள். 1872 கிறிஸ்துமஸ் அன்று அங்கே இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் சேர்ந்து மறுபக்கமும் நின்று ரக்பி ஆடினார்கள். பிறகு அங்கே உருவான ரக்பி கிளப் கலைந்தபோது கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்குத்தான் இன்றும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதுகின்றன. சரி, விஷயத்துக்கு வருவோம்.

யாரைப் பிடிப்பது?

ஏற்கெனவே பெரிய பெயர் எடுத்தவரைப் பிடிக்காதீர்கள், பாதிக் கதை போயிருக்கும். ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி, மார்ச்சில் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் நடக்கும்போதே 20 வயதுக்குட்பட்டோருக்கும் அதே போட்டி நடக்கும். அயர்லாந்தின் அந்தச் சின்ன அணியைப் பாருங்கள். 2019, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவர்கள் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்து கிராண்ட் ஸ்லாம் அடித்தார்கள். 2023 அணியின் கேப்டன் கஸ் மெக்கார்த்தி, 10ஆம் எண் சட்டை சாம் பிரென்டர்காஸ்ட். இருவரும் அடுத்த வருடமே, 2024 நவம்பரில், பெரிய அணிக்கு வந்துவிட்டார்கள். அதே அணியில் கூட நின்ற எல்லாருக்கும் அந்த வேகம் கிடைக்காது. சிலருக்கு ஐந்து வருடம் ஆகும், சிலர் பெயரே காணாமல் போகும். உங்கள் ஆள் இதில் எந்த வகை என்று முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் பின்தொடர்வதில் ருசி.

எந்த இடத்தில் ஆடுபவர் என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ரக்பியில் சட்டை எண்தான் ஆளின் வேலை. 1, 2, 3 ஸ்க்ரமின் (இரு அணியிலும் எட்டெட்டு பேர் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவது) முன்வரிசை, 9 பந்தை எடுத்துக் கொடுப்பவர், 10 ஆட்டத்தை நடத்துபவர், 15 கடைசிக் காவல். 16இலிருந்து 23 வரை மாற்று ஆட்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு 10 சுலபம், ஏனென்றால் பந்து அடிக்கடி அவர் கைக்கு வரும், கோல் உதைப்பதும் பெரும்பாலும் அவரே. ஆனால் கபடி பார்த்து வளர்ந்தவராக இருந்தால் 3ஆம் எண்ணை எடுங்கள் என்பேன். ஸ்க்ரமில் எதிரணியின் எடை மொத்தமும் கழுத்திலும் தோளிலும் இறங்கும் இடம் அது. கார்னரில் நின்று ரைடரின் இடுப்பைப் பிடிக்கும் நேரத்தில் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று கவனிக்கத் தெரிந்தவருக்கு அங்கே நடப்பது உடனே புரியும். முன்வரிசை ஆட்கள் மெதுவாகத்தான் பழுப்பார்கள், இருபத்தாறு இருபத்தேழுக்கு மேல்தான் முழு பலம் தெரியும், அதனால் பொறுமை வேண்டும். இடம் மாறுவதும் நடக்கும். ஆண்ட்ரூ போர்ட்டர் 1ஆம் எண்ணில் ஆரம்பித்து, 3க்கு மாற்றப்பட்டு, அதில் பெயர் வாங்கி, 2021இல் மறுபடியும் 1க்குத் திரும்பினார். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். தோள் கொடுக்கும் பக்கம், உடம்பைத் திருப்பும் கோணம், எதிரி தலை வரும் பக்கம் எல்லாமே மாறிவிடும்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள்

ஆளைப் பிடித்ததும் முதல் வேலை அவர் எங்கே படித்தார் என்று பார்ப்பது. லெய்ன்ஸ்டர் பள்ளிகளுக்கான சீனியர் கோப்பை 1887இலிருந்து நடக்கிறது. மார்ச் 17, செயின்ட் பேட்ரிக்ஸ் டே சமயத்தில் இறுதி ஆட்டம் என்றால் பழைய மாணவர்கள், தாத்தாக்கள் எல்லாம் பள்ளி ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அதிகமுறை ஜெயித்த பள்ளி பிளாக்ராக் காலேஜ், பிரையன் ஓ'டிரிஸ்கால் படித்த இடம். 1999இல் முதல் முறை அயர்லாந்துச் சட்டை போட்டு, 2014இல் கழற்றும்போது நாட்டுக்காக மட்டும் 133 ஆட்டம் ஆடியிருந்தவர் அவர். அந்த எண்ணை 2024இல்தான் கியான் ஹீலி தாண்டினார், அவர் முன்வரிசைக்காரர்.

இந்தப் பள்ளிகளில் பல, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். அதனால் எல்லாருக்கும் இதே வாசல் திறக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டைக் ஃபர்லாங் வெக்ஸ்ஃபோர்டில் பண்ணை வீட்டுப் பையன், நியூ ராஸ் என்ற சின்ன ஊர் கிளப்பில் ஆடி மேலே வந்து, உலகின் சிறந்த 3ஆம் எண்களில் ஒருவராக ஆனார். இன்னொரு உதாரணம், லிமெரிக்கின் பால் ஓ'கானல். சின்ன வயதில் அவர் நீச்சல்காரர். உங்கள் ஆள் எந்த வழியில் வந்தார் என்று நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள், பின்னால் அவர் பேட்டி கொடுக்கும்போது அந்தப் பக்கம் உதவும்.

ஆமாம், நோட்டு. போனில் வேண்டாம், காகித நோட்டு. நான் வைத்திருப்பது நாற்பது ரூபாய் லாங் சைஸ் நோட்டு, ஐந்து கோடு போட்டது: தேதி, எதிரணி, சட்டை எண், ஆடிய நிமிடம், ஒரு வரி. கடைசிக் கட்டம்தான் முக்கியம். "62ஆவது நிமிடம் இறங்கினான், முதல் டாக்கிள் தவறியது, அதற்கப்புறம் மூன்று பிடி" என்கிற மாதிரி ஒரே வரி. இரண்டு வருடம் கழித்துப் புரட்டினால் 22 என்ற எண் 10 ஆக மாறியிருக்கும், 15 நிமிடம் 70 ஆகியிருக்கும். அந்த எண்கள் ஏறுவதை நம் கையெழுத்திலேயே பார்க்கும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பள்ளி முடிந்ததும் மாகாண அகாடமி, பெரும்பாலும் மூன்று வருடம். நம்ம ஊர் பெற்றோர் கேட்கும் முதல் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது: படிப்பு நிற்காது. காலையில் ஜிம், மதியம் கல்லூரி, வார இறுதியில் ஆல் அயர்லாந்து லீகில் ஏதாவது ஒரு கிளப்புக்கு ஆட்டம். ஒரு டிகிரியை நான்கைந்து வருடத்துக்கு இழுத்து முடிப்பவர்கள் நிறைய. அகாடமி முடிந்தால் முதலில் டெவலப்மென்ட் ஒப்பந்தம், பிறகு மாகாண ஒப்பந்தம், மிகச் சிலருக்கு மட்டும் சங்கமே நேரடியாகக் கொடுக்கும் மத்திய ஒப்பந்தம். செய்தியில் "ஒப்பந்தம் நீட்டிப்பு" என்று வந்தால் எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள். ஒரு வருடம் என்றால் இரு தரப்பிலும் ஏதோ தயக்கம், மூன்று என்றால் நம்பிக்கை என்பது என் கணக்கு, பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது.

ஒப்பந்தம் கிடைக்காமல் போனாலும் நோட்டை மூடாதீர்கள். டைக் பெர்ன் என்ற ஆளை லெய்ன்ஸ்டர் 2016இல் விட்டுவிட்டது. நாட்டில் வேறு இடம் இல்லாமல் வேல்ஸுக்குப் போய் ஸ்கார்லெட்ஸ் அணியில் சேர்ந்தார், அடுத்த வருடமே அந்த அணி லீக் பட்டம் வென்றது. 2018இல் மன்ஸ்டர் அவரைத் திரும்பக் கூட்டி வந்தது, அதே ஆண்டு அயர்லாந்துக்காக முதல் ஆட்டம், பின்னால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்தின் சிறந்தவர்களைச் சேர்த்து எடுக்கும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் சட்டையும் கிடைத்தது. 2016இல் அவரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த யாராவது அந்தக் கோடையில் நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டிருந்தால் எவ்வளவு நஷ்டம்.

ராத்திரி ஒரு மணிக் கணக்கு

சென்னையில் இருப்பவர்களுக்கு இதுதான் நடைமுறைப் பிரச்சினை. அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை டப்ளினுக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேரம், மற்ற மாதங்களில் நாலரை. மாகாண அணிகள் ஆடும் யூஆர்சி லீகில் வெள்ளி இரவு ஆட்டங்கள் பல அங்கே 7.35க்குத் தொடங்கும். குளிர்காலத்தில் நமக்கு அது சனி அதிகாலை 1.05. வாராவாரம் இப்படி முழித்தால் உடம்பு தாங்காது, நான் முயன்று பார்த்துவிட்டேன். சிக்ஸ் நேஷன்ஸ் சனிக்கிழமை மதிய ஆட்டம் அங்கே 2.15 என்றால் நமக்கு 7.45, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். அதனால் நாட்டுக்கான ஆட்டங்களை நேரலையில் பாருங்கள், லீக் ஆட்டங்களை மறுநாள் காலையில் பதிவாகப் பாருங்கள். எந்தத் தளத்தில் வருகிறது என்பது சீசனுக்கு சீசன் மாறும், செப்டம்பரில் ஒருமுறை தேடி வைத்துக்கொண்டால் போதும்.

யூஆர்சியில் மொத்தம் 16 அணிகள். அயர்லாந்து 4, வேல்ஸ் 4, தென்னாப்பிரிக்கா 4, ஸ்காட்லாந்து 2, இத்தாலி 2. செப்டம்பரில் தொடங்கி ஜூன் வரை போகும். நடுவில் ஐரோப்பியக் கோப்பை, நவம்பரில் நாட்டு ஆட்டங்கள், பிப்ரவரியில் சிக்ஸ் நேஷன்ஸ், ஜூலையில் வெளிநாட்டுப் பயணம்.

இதில் புதிதாகப் பார்ப்பவர்கள் பதறும் ஒரு விஷயம்: உங்கள் ஆள் பெயர் திடீரென்று மூன்று வாரம் அணிப் பட்டியலில் இருக்காது. நீக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மத்திய ஒப்பந்தக்காரர்களும் நாட்டு அணிக்குப் போய் வந்தவர்களும் எவ்வளவு ஆட வேண்டும் என்பதில் சங்கத்துக்குச் சொல் உண்டு. ஓய்வு என்பது அங்கே திட்டத்தில் ஒரு பகுதி. முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் ஐரிஷ்காரர்கள் சிலர் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேட்டால் நம்ம ஊர் வேகப்பந்து வீச்சாளர்களின் ஞாபகம்தான் வருகிறது.

தலையில் அடிபட்டால்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கல்லூரிக் காலத்தில் ஒரு ஆட்டத்தில் எதிரணிக்காரன் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் பட்டு விழுந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்து, இரண்டு விரல் காட்டி எண்ணச் சொல்லி, திரும்ப இறக்கிவிட்டார்கள். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் இன்று வரை எனக்கு நினைவில் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அன்றைக்கு அதுதான் தெரிந்திருந்தது.

இப்போது உலக அளவில் விதி இதுதான்: தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுத்து 12 நிமிடம் சோதிப்பார்கள், அதை எச்ஐஏ என்று சொல்வார்கள். நினைவு, நடை, சமநிலை எல்லாம் பார்த்துத் தேறாவிட்டால் அன்று திரும்ப வர முடியாது. நிற்கும்போதே தள்ளாடினால் சோதனையே இல்லை, நேராக வெளியே. அதற்குப் பிறகு படிப்படியாகத்தான் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். உங்கள் ஆள் வெளியே போய் வராவிட்டால் நோட்டில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். எத்தனை சிவப்பு வட்டம் சேர்கிறது என்பது அவர் எத்தனை டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டார் என்பதை விட முக்கியமான கணக்கு. அயர்லாந்தின் 10ஆம் எண் ஜானி செக்ஸ்டன் 2014 கடைசியில் இதே காரணத்துக்காக 12 வாரம் ஆடாமல் நிறுத்தப்பட்டார்.

மற்ற காயங்களும் சும்மா விடாது. லூக் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2016இல் கழுத்துக் காயத்தால் நிறுத்தியபோது வயது 28. டேன் லீவி 2018இல் கிராண்ட் ஸ்லாம் அணியில் இருந்தவர், முழங்காலால் 2022இல் நிறுத்தினார், வயது 27. பால் ஓ'கானல் 2015 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிராகத் தொடைத் தசை கிழிந்து தூக்கிச் செல்லப்பட்டார், அப்புறம் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் ஓர் ஆளோடு போக வேண்டும். நாம் பார்க்கும் வேலை எந்த சனிக்கிழமையும் முடிந்துபோகக்கூடிய வேலை.

வெளிநாட்டுக்குப் போனால்

ஒரு நாள் "பிரான்ஸ் கிளப்புக்குப் போகிறார்" என்று செய்தி வரலாம். காசு அங்கே அதிகம். ஆனால் அயர்லாந்தில் எழுதாத சட்டம் மாதிரி ஒன்று இருக்கிறது: வெளியே ஆடுபவரை நாட்டு அணிக்கு எடுப்பது மிக அபூர்வம். செக்ஸ்டன் 2013இலிருந்து 2015 வரை பாரிசில் ராசிங் அணிக்கு ஆடியபோதும் எடுத்தார்கள், அவர் இல்லாமல் முடியாது என்ற நிலை. சைமன் செபோ 2018இல் அதே அணிக்குப் போகப்போகிறார் என்று தெரிந்ததுமே நாட்டுச் சட்டை போய்விட்டது.

வீட்டிலேயே இருக்க இன்னொரு காரணம் வரி. ஓய்வு பெறும் ஆண்டில், ஆடிச் சம்பாதித்ததில் பத்து ஆண்டு வருமானத்தின் 40 சதவீதத்துக்கு வரிச்சலுகை கேட்கலாம் என்று 2002இலிருந்து அந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. விளம்பர வருமானம் இதில் சேராது. சின்ன வயதிலேயே வேலை முடிந்துவிடும் என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரி இது. நம்ம ஊரில் கபடி, வாலிபால், தடகளப் பிள்ளைகள் ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையைப் பிடித்துவிட்டால் ஆட்டம் நின்ற பிறகும் ஓய்வு வயது வரை சம்பளம் வரும். அங்கே அந்த நிழல் கிடையாது. அதனால் வீரர்கள் சங்கமான ரக்பி பிளேயர்ஸ் அயர்லாந்து, ஆடும்போதே அடுத்த வேலைக்குத் தயார்படுத்த ஆட்களை வைத்திருக்கிறது. உங்கள் ஆள் என்ன படிக்கிறார், எங்கே பயிற்சிக்குப் போகிறார் என்று அவ்வப்போது பாருங்கள், நோட்டில் அதற்கும் ஒரு வரி.

கடைசிப் பக்கம்

நான் கடைசி வரை போன ஆள் செக்ஸ்டன்தான். 2009 மே மாதம், டப்ளின் குரோக் பார்க்கில் 82,208 பேர் முன்னால் ஐரோப்பியக் கோப்பையின் லெய்ன்ஸ்டர் மன்ஸ்டர் அரையிறுதி. லெய்ன்ஸ்டரின் வழக்கமான 10ஆம் எண் கொண்டெபோமி காயப்பட்டு வெளியேற, 23 வயதுப் பையன் ஒருவன் உள்ளே வந்து வந்தவுடன் பெனால்டி உதைத்தான். அந்தப் பதிவைச் சில மாதம் கழித்துப் பார்த்தேன், அன்று நோட்டு வாங்கினேன். அந்த ஆண்டு நவம்பரிலேயே அவன் நாட்டு அணிக்கு வந்துவிட்டான்.

2018 பிப்ரவரி 3, பாரிஸ். நமக்கு நள்ளிரவு நெருங்கிவிட்டது. அயர்லாந்து 12, பிரான்ஸ் 13, நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. 22 மீட்டர் கோட்டிலிருந்து எடுத்த உதையை இயன் ஹெண்டர்சன் எட்டிப் பிடித்தார். அங்கிருந்து ஒரு முறைகூடப் பந்தை விடாமல், மழை ஈரத்தில் வழுக்கும் பந்தை, ஆள் மாற்றி ஆள் மாற்றி 41 முறை முட்டி முட்டி முன்னே வந்தார்கள். நடுவில் செக்ஸ்டன் குறுக்கே ஒரு உதை உதைக்க கீத் எர்ல்ஸ் தாவிப் பிடித்தார். கடைசியில் நாற்பது மீட்டருக்கும் மேலே இருந்து, பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கோல். பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே போனபோது நான் வாயில் துண்டை வைத்துக்கொண்டு கத்தினேன், பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். 15க்கு 13. அந்த ஆண்டு அயர்லாந்து கிராண்ட் ஸ்லாம், அவர் உலகின் சிறந்த வீரர்.

அப்புறம் 2023 அக்டோபர் 14. முந்தின நாள்தான் நம்ம சேப்பாக்கத்தில் நியூசிலாந்து கிரிக்கெட் அணி வங்கதேசத்தை ஜெயித்திருந்தது. அன்று சாயங்காலம் அகமதாபாத்தில் இந்தியா பாகிஸ்தானை ஜெயிக்க, தெருவில் வெடிச் சத்தம் ஓய ரொம்ப நேரம் ஆனது. எல்லாரும் தூங்கின பிறகு 12.30க்கு ரக்பி உலகக் கோப்பையில் அயர்லாந்து நியூசிலாந்து காலிறுதி. இந்த உலகக் கோப்பையோடு நிறுத்துகிறேன் என்று 38 வயது செக்ஸ்டன் முன்பே சொல்லியிருந்தார், ஆகவே தோற்றால் அதுதான் கடைசி. 28க்கு 24 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் மறுபடியும் அதே மாதிரி முட்டி முட்டி வந்தார்கள். 37 முறை. எனக்கு 2018 கண் முன்னாடி வந்துவிட்டது. 37ஆவதில் நியூசிலாந்தின் வைட்லாக் குனிந்து பந்தைப் பிடித்துக்கொண்டார், விசில். செக்ஸ்டன் மைதானத்தில் நின்றுகொண்டிருக்க அவருடைய சின்னப் பையன் பக்கத்தில் வந்து நின்றான். நாட்டுக்காக அவர் ஆடிய மொத்த ஆட்டம் 118 என்று நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டேன். மணி இரண்டரைக்கு மேல். தூக்கம் வரவில்லை, மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகும் இரண்டு பக்கம் விட்டு வையுங்கள். ஓ'கானல் இப்போது நாட்டு அணியின் ஃபார்வர்டுகளுக்கு, அதாவது 1 முதல் 8 வரை எண் போட்டவர்களுக்கு, பயிற்சியாளர். செக்ஸ்டன் ஒரு பேக்கேஜிங் நிறுவனத்தில் வேலைக்குப் போய், பிறகு இளம் 10ஆம் எண்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சங்கத்துக்கே திரும்பினார்.

"நாங்களும் அங்கே ஆட முடியுமா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், அதனால் நேராகவே சொல்கிறேன். அயர்லாந்து நாட்டுச் சட்டை போட, அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா அம்மா, தாத்தா பாட்டியில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தொடர்ந்து 60 மாதம் அந்தச் சங்கத்தின் கீழ் மட்டுமே பதிவாகி ஆடியிருக்க வேண்டும், அல்லது மொத்தம் பத்து வருடம் வசித்திருக்க வேண்டும். முன்பு 36 மாதம் போதும் என்று இருந்தபோதுதான் நியூசிலாந்தில் பிறந்த பண்டீ ஆக்கி, ஜேம்ஸ் லோ போன்றவர்கள் வந்தார்கள். சென்னையில் பதினாறு வயதில் தொடங்கும் பையனுக்குத் தொழில்முறைக் கதவு மிக மிகக் குறுகல். பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஆடுவது வேறு. டப்ளின், கார்க், லிமெரிக், கால்வே என்று மேற்படிப்புக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய. அங்கே பெரிய கிளப்புகள் முதல் அணியோடு நிற்காமல் இரண்டு, மூன்று, நான்காம் அணி வரை வைத்திருக்கும். செவ்வாய், வியாழன் சாயங்காலம் பூட்ஸோடு போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள். குளிரில் ஈரப் புல்லில் விழுவது நம்ம மணலில் விழுவது மாதிரி இருக்காது, முதல் மாதம் கஷ்டம்தான்.

இங்கேயே இருப்பவர்களுக்கு ரக்பி என்றால் பெரும்பாலும் ஏழு பேர் ஆட்டம். 2025இல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில் சென்னை புல்ஸ் கோப்பை வாங்கியதில் இருந்து புதிதாக ஆறு பேர் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள். அதே 2025இல் அயர்லாந்து தன் ஆண்கள் ஏழு பேர் அணித் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது, எனக்கு அது வருத்தம். ஹ்யூகோ கீனன் அந்த ஆட்டத்தில் ஓடிப் பழகித்தான் நாட்டின் 15ஆம் எண் ஆனார். எங்களிடம் வரும் பெண்களுக்கு நான் சொல்லும் பெயர் எரின் கிங். அவரும் ஏழு பேர் ஆட்டத்திலிருந்து வந்தவர், 2024இல் அயர்லாந்துப் பெண்கள் நியூசிலாந்தை 29க்கு 27 என்று ஜெயித்தபோது இரண்டு டிரை போட்டார். அங்கே 15 பேர் ஆட்டத்தில் பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் வந்ததே 2022இல்தான், ஆகவே அவர்களில் ஒருவரை இப்போது பிடித்தால் ஆரம்பத்திலிருந்தே கூட நடக்கலாம்.

கேள்வி கேட்ட பையன் நோட்டு வாங்கிவிட்டான். 3ஆம் எண்தான் வேண்டும் என்று 20 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பெயரை எப்படி உச்சரிப்பது என்று இரண்டு நாள் தேடியிருக்கிறான். அவன் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வெள்ளி ராத்திரி ஆட்டத்தை சனி காலையில்தான் பார்க்க வேண்டும். அதுவரை ஸ்கோர் தெரியாமல் இருக்க போனை அவரே வாங்கி அரிசி டப்பா மேலே வைத்துவிடுகிறாராம்.